ஜீனா, மைக்ரோ ஆர்.என்.ஏ.வா, ஆன்டி சி.சி.பி.யா: முடக்கு வாதத்துக்கு எந்தப் பரிசோதனைக்குக் காசு கொடுப்பது?

அம்மாவுக்கு முடக்கு வாதம். மகளுக்கு இன்னும் முப்பது ஆகவில்லை, அதற்குள் காலையில் விரல் மடங்க மாட்டேன் என்கிறது. கையில் இருக்கிற காசு ஒரு நல்ல பரிசோதனைக்குத்தான் காணும். எதற்குக் கொடுப்பது?

ராமநாதபுரத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பதால் இந்தக் கேள்வியை நான் அடிக்கடி கேட்கிறேன். முன்பெல்லாம் "வாதம் இருக்கான்னு பாருங்க தம்பி" என்பதோடு சரி. இப்போது செல்போனில் எதையாவது படித்துவிட்டு வருகிறார்கள். "எச்சியத் துப்பி அனுப்புனா ஜீன்ல இருக்கா இல்லையான்னு சொல்லிருவாங்களாமே, நெசமா தம்பி?" என்று மண்டபத்துப் பக்கம் பாசி எடுக்கப் போகிற ஒரு அக்கா கேட்டார். கீழக்கரையிலிருந்து வந்த கல்லூரிப் பையன் ஒருவன் தன் லாத்தாவுக்கு (அக்காவுக்கு) மைக்ரோ ஆர்.என்.ஏ. பார்க்க முடியுமா என்றான். 2024இல் மருத்துவ நோபல் அதற்குத்தான் கொடுத்தார்கள் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. இரண்டுமே நியாயமான கேள்விகள்.

ஒரு பரிசோதனை நமக்கு வேண்டுமா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: ரிப்போர்ட் வந்த மறுநாள் என்ன மாறும்? மாத்திரை மாறுமா, போக வேண்டிய மருத்துவர் மாறுவாரா, அல்லது கவலை மட்டும் கூடுமா?

ஜீன் சொல்வது

முடக்கு வாதத்தில் பரம்பரைக்குப் பங்கு உண்டு, அதில் சந்தேகமில்லை. மூட்டின் உள்பக்கத்துச் சவ்வை உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்களே தாக்குவதுதான் இந்த நோய். எது நம்முடையது, எது வெளியிலிருந்து வந்தது என்று அந்த அணுக்களுக்கு எடுத்துக் காட்டுகிற புரதங்களை உண்டாக்கும் ஜீன் குடும்பத்துக்கு எச்.எல்.ஏ. என்று பெயர். அதில் டி.ஆர்.பி.1 என்ற ஜீனின் சில வடிவங்கள் முடக்கு வாதக்காரர்களிடம் கூடுதலாக இருக்கின்றன. அந்த வடிவங்கள் பல இருந்தாலும் புரதத்தின் 70ஆம் இடத்திலிருந்து 74ஆம் இடம் வரை அமினோ அமில வரிசை ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கிறது என்று 1987இல் கிரெகர்சன் குழுவினர் எடுத்துக் காட்டினார்கள். இன்றுவரை இந்த நோயின் பரம்பரைக் காரணங்களில் பெரியது அதுதான். பிறகு 2003இல் ஜப்பானில் பி.ஏ.டி.ஐ.4, 2004இல் பி.டி.பி.என்.22, 2007இல் ஸ்டாட்4 என்று மற்ற ஜீன்கள் வரிசையாக வந்தன. 2014இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று மரபணுத் தொகுதியில் 101 இடங்களைப் பட்டியல் போட்டது.

101 இடம் என்றவுடன் எல்லாம் தெரிந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரைப் பாருங்கள். இருவருக்கும் ஜீன் ஒன்றுதான். அவர்களில் ஒருவருக்கு முடக்கு வாதம் வந்தால் மற்றவருக்கும் வருவது 100 ஜோடியில் 12 முதல் 15 ஜோடிக்குத்தான். ஜீன் முழுக்க ஒன்றாக இருந்தும் 85 பேர் தப்பிக்கிறார்கள். தாய்க்கு இருக்கிறது என்றால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு என்பார்கள். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் நம் நாட்டில் இந்த நோய் இருப்பதே 100 பேரில் ஒருவருக்கும் குறைவாக. அதை ஐந்தால் பெருக்கினாலும் 100 பிள்ளைகளில் 90க்கும் மேற்பட்டவர்களுக்கு வருவதில்லை. இவ்வளவையும் தெரிந்துகொள்ள எச்சில் குப்பி எதுவும் வேண்டாம். "அம்மாவுக்கு இருக்கு" என்று சொன்னாலே போதும்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பி.டி.பி.என்.22 ஜீனில் 620ஆம் இடத்தில் வருகிற மாற்றம் ஐரோப்பியரிடம் பரவலாக இருக்கிறது. கிழக்காசியரிடம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, நம்மிடமும் அரிது. பி.ஏ.டி.ஐ.4 இதற்கு நேர்மாறு: ஆசியாவில் தெளிவாகத் தெரிந்தது, ஐரோப்பாவில் அந்த அளவுக்குத் தெரியவில்லை. ஐரோப்பிய ரத்தத்தை வைத்துப் போட்ட கணக்கில் ஒரு தொண்டிக்காரரின் ஜீன் ஆபத்து மதிப்பெண் குறைவாக வந்தால் அதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. அதிகமாக வந்தாலும் அதே கதைதான். 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவுகள் 2025இல்தான் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. நமக்கென்று கணக்கு வர இன்னும் காலம் பிடிக்கும்.

மறுநாள் என்ன மாறும்? மெத்தோட்ரெக்ஸேட்டா, ஹைட்ராக்ஸிகுளோரோகுயினா, சல்ஃபாசலசினா, எந்த மாத்திரை என்பதை மருத்துவர் ஜீனைப் பார்த்து முடிவு செய்வதில்லை. வீங்கியிருக்கும் மூட்டை எண்ணிப் பார்த்து, ரத்தத்தில் அழற்சி அளவைப் பார்த்து, கல்லீரல் நிலவரம் பார்த்து, பிள்ளை பெறும் உத்தேசம் உண்டா என்று கேட்டுத்தான் எழுதுகிறார். மாறக்கூடியது ஒன்று உண்டு, அது ஊர்ப் பேச்சு. பெண் பார்க்க வருகிற இடத்தில் "அந்தப் பிள்ளை ரத்தத்துல வாதம் இருக்காம், டெஸ்ட்டுல போட்டிருக்காம்" என்று ஒரு வார்த்தை கிளம்பினால் அதை எந்த மருத்துவராலும் திருப்பி எடுக்க முடியாது. சொந்தத்தில் கட்டிக்கொடுப்பதற்காக இந்த ஜீனைப் பார்க்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. ஒரே ஒரு ஜீனில் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பழுது வந்து சேர்ந்தால் உண்டாகும் நோய்களுக்கு அந்தக் கேள்வி பொருந்தும். நூறு சின்னச் சின்னக் காரணங்கள் கூடி வருகிற முடக்கு வாதத்துக்குப் பொருந்தாது.

ஜீனைத் தெரிந்துகொள்வதால் உருப்படியாகச் செய்யக்கூடியது புகையை நிறுத்துவது. அந்த எச்.எல்.ஏ. வடிவமும் புகைப் பழக்கமும் ஒருவரிடமே சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு ஏறுகிறது என்று ஸ்வீடன் ஆய்வுகள் காட்டின. பீடியை விடுவதற்கு ஜீன் ரிப்போர்ட் வர வேண்டும் என்று காத்திருப்பானேன்?

மைக்ரோ ஆர்.என்.ஏ.: அறிவியல் அருமை, ஆனால் குப்பியில் சிக்கல்

எனக்குப் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். ஜீனிலிருந்து புரதம் உருவாக வேண்டுமானால் நடுவில் தூது ஆர்.என்.ஏ. ஒன்று நகலாகி வர வேண்டும். சுமார் 22 எழுத்தே நீளமுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ. அந்தத் தூதின் மேல் ஒட்டிக்கொண்டு புரத உற்பத்தியைக் குறைத்துவிடுகிறது. 1993இல் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் விக்டர் ஆம்ப்ரோஸ் முதல் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கண்டார். அது எந்த ஜீனை எப்படி அடக்குகிறது என்பதைக் கேரி ரவ்கன் காட்டினார். புழுவின் விநோதம் என்று பல வருடம் ஒதுக்கிவைத்திருந்த ஒன்று மனிதனிலும் இருக்கிறது என்று 2000க்குப் பிறகே உறைத்தது.

முடக்கு வாதத்தில் பெரிதும் பேசப்படுவது இரண்டு: மிர்-155, மிர்-146ஏ. 2008இல் வெளிவந்த ஆய்வுகள் நோயாளிகளின் மூட்டுச் சவ்விலும் ரத்த அணுக்களிலும் இவை இரண்டும் கூடியிருப்பதைக் காட்டின. மிர்-155 தீயைத் தூண்டும் ரகம். அழற்சியை அடக்கிவைக்கும் ஷிப்-1 என்ற புரதத்தை அது குறைத்துவிடுகிறது. அந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. இல்லாமல் வளர்த்த எலிகளுக்குக் கொலாஜன் செலுத்தி மூட்டுவாதத்தை வரவழைக்கப் பார்த்தார்கள், வரவில்லை. 2011இல் வந்த அந்த முடிவு பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது.

மிர்-146ஏயின் கதை விசித்திரமானது. அது அடக்கும் ரகம். டிராஃப்6, ஐராக்1 என்ற இரண்டு புரதங்களைக் குறைத்து அழற்சியைத் தணிப்பது அதன் வேலை. நோயாளியிடம் அது கூடியிருக்கிறது என்றால் அழற்சி குறைய வேண்டும் அல்லவா? ஆனால் நோயாளிகளின் ரத்த அணுக்களில் அந்த இரண்டு புரதங்களும் குறையாமல் அப்படியே இருந்தன. அடக்க வேண்டியது ஏராளமாக வந்து நின்றும் அடக்கவில்லை. இவை தவிர மிர்-124ஏ குறைவதால் மூட்டுச் சவ்வின் செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றன என்றும், மிர்-203 கூடினால் குருத்தெலும்பை அரிக்கும் நொதியும் கூடுகிறது என்றும் தெரியவந்தது. நோய் எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள இவையெல்லாம் பொக்கிஷம்.

பரிசோதனையாக எடுத்துக்கொண்டால்தான் சிக்கல். முதலாவது, மிர்-155 கூடியிருப்பது முடக்கு வாதத்துக்கு மட்டுமே உரியதல்ல. தொற்று வந்தாலும் கூடும், சில ரத்தப் புற்றுநோய்களிலும் கூடும். இரண்டாவது சிக்கலை எங்களைப் போல ரத்தம் கையாள்பவர்கள்தான் சொல்ல முடியும். பாம்பனில் ஊசி குத்தி எடுத்த ரத்தம் வெயிலில் காத்துக்கிடந்து, பஸ்ஸில் குலுங்கி மதுரைக்கோ சென்னைக்கோ போகிறது. வழியில் சிவப்பணு உடைந்தால் சீரம் (ரத்தம் உறைந்த பின் தெளிந்து நிற்கும் நீர்) இளஞ்சிவப்பாகிவிடும். சிவப்பணுவுக்குள் மிர்-451, மிர்-16 இரண்டும் நிறைய இருக்கின்றன. அணு உடைந்தால் அவை சீரத்தில் கலந்து கணக்கையே புரட்டிவிடும். கொடுமை என்னவென்றால், மற்றவற்றை அளக்க மிர்-16ஐயே நிலையான அளவாக வைத்துக்கொண்ட ஆய்வுகள் பல. தட்டணுக்களில் மிர்-223 கொட்டிக் கிடக்கிறது. அதனால் சீரத்தில் அளந்தால் ஒன்று வரும், ரத்தத்தை உறையவிடாமல் பிரித்த பிளாஸ்மாவில் அளந்தால் வேறொன்று வரும். எல்லாக் கூடங்களும் ஒப்புக்கொண்ட ஒரு முறையோ, இத்தனைக்கு மேல் போனால் நோய் என்கிற கோடோ இதற்கு இல்லை.

ஜீன் பரிசோதனைக்கு இந்தத் தொல்லை கிடையாது. டி.என்.ஏ. கெட்டியான சரக்கு, பயணத்தைத் தாங்கும். அடுத்துச் சொல்லப்போகிற ஆன்டி சி.சி.பி. ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். சீரத்தைப் பிரித்துக் குளிரில் வைத்துவிட்டால் பல நாள் இருக்கும். ஆக, மைக்ரோ ஆர்.என்.ஏ. பேனல் என்று யாராவது விலை சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். மருத்துவக் கல்லூரியில் ஆய்வுக்காக ஒப்புதல் வாங்கிக்கொண்டு, காசு வாங்காமல் ரத்தம் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள்.

காசு போக வேண்டிய இடம்

ஆன்டி சி.சி.பி. என்பது எதிரணுப் (ஆன்டிபாடி) பரிசோதனை. நம் புரதங்களில் உள்ள ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம் சிட்ருலினாக மாறும்போது சிலருடைய உடம்பு அதை எதிரியாக நினைத்து எதிரணு உண்டாக்கிவிடுகிறது. அந்த மாற்றத்தைச் செய்கிற நொதிகளில் ஒன்றை உண்டாக்குவது மேலே சொன்ன பி.ஏ.டி.ஐ.4 ஜீன்தான். மூட்டு வீங்குவதற்குச் சில வருடங்கள் முன்பே இந்த எதிரணு ரத்தத்தில் தென்படலாம். ஜீன் சொல்வது ஐப்பசி கார்த்திகையில் புயல் வரலாம் என்பது. ஆன்டி சி.சி.பி. சொல்வது பாம்பனில் கூண்டு ஏற்றியாகிவிட்டது என்பது.

பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கணக்கில், நோய் உள்ளவர்களில் சுமார் 67 சதவீதத்தினரை ஆன்டி சி.சி.பி. பிடிக்கிறது. நோய் இல்லாதவர்களில் சுமார் 95 சதவீதத்தினருக்கு இல்லை என்று சரியாகச் சொல்கிறது. பழைய பரிசோதனையான ஆர்.ஏ. ஃபேக்டர் நோயைப் பிடிப்பதில் கிட்டத்தட்ட அதே அளவு, தவறாகக் குற்றம் சாட்டுவதில் மோசம். காசநோய், ஹெபடைடிஸ் சி, வெறும் முதுமை, இவற்றில்கூட அது பாசிட்டிவ் காட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். ஒன்றுதான் முடியும் என்றால் என் ஓட்டு ஆன்டி சி.சி.பி.க்கு.

ஆனால் வலியே இல்லாதவர்களுக்கு எடுக்கக் கூடாது. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஊரில் முகாம் போட்டு 1,000 பேருக்குப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். 10 பேருக்கு நோய் இருந்தால் ஆறேழு பேர் பிடிபடுவார்கள். மீதி 990 பேரில் ஐந்து சதவீதம் என்றால் ஏறத்தாழ 50 பேருக்குப் பொய்யாகப் பாசிட்டிவ் வரும். பாசிட்டிவ் என்று பயந்துபோய் நிற்கிற எட்டுப் பேரில் ஏழு பேருக்கு ஒன்றும் இருக்காது. அதே பரிசோதனையை, இரண்டு கை விரல் கணுக்களும் வீங்கி, காலையில் அரை மணி ஒரு மணி நேரம் இறுகிக் கிடக்கிறவருக்கு எடுத்தால் விடை கனமானது.

கூடவே, ரத்தத்தில் அழற்சி அளவைக் காட்டும் சி.ஆர்.பி. எடுத்துக்கொள்ளுங்கள். அதே வேலைக்கான ஈ.எஸ்.ஆர். மலிவுதான். ஆனால் ரத்தத்தை எடுத்து நான்கு மணி நேரத்துக்குள் பரிசோதனைக்கு வைத்தாக வேண்டும், ரத்தசோகை இருந்தாலும் ஏறும். நம் பக்கத்துப் பெண்களில் ரத்தசோகை இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தூரத்திலிருந்து ரத்தம் அனுப்புகிறவர்களுக்கு சி.ஆர்.பி.தான் தோது. இன்னொன்று: வலி தாங்காமல் ஊரில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு வந்தால் சி.ஆர்.பி. இறங்கி நல்ல பிள்ளையாகக் காட்டும். ஊசி போட்டதை ரத்தம் எடுப்பவரிடம் சொல்லுங்கள். ஆன்டி சி.சி.பி. அந்த ஊசிக்கு அவ்வளவாக அசையாது.

சிக்குன்குனியாவை மறக்கக் கூடாது. 2006இல் தமிழ்நாட்டைப் புரட்டிப்போட்ட பிறகு அது முழுக்கப் போய்விடவில்லை. காய்ச்சல் போன பின்னும் மாதக்கணக்கில் சின்ன மூட்டுகள் வீங்கி முடக்கு வாதம் போலவே ஆட்டம் காட்டும். சமீபத்தில் காய்ச்சல் வந்ததா, வீட்டில் மற்றவர்களுக்கும் வந்ததா என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லிவிட வேண்டும்.

பாசிட்டிவ் வந்தால் மறுநாள் நிறைய மாறும். ருமட்டாலஜி (மூட்டுவாத) மருத்துவரிடம் போக வேண்டும். ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே பொது மருத்துவத்தில் காட்டி ஆரம்பிக்கலாம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. வரும் முன் காக்கும் ஆய்வுகளும் இந்த எதிரணு உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்துத்தான் நடந்தன. அபாடாசெப்ட் என்ற விலையுயர்ந்த மருந்து நோய் முற்றுவதைத் தள்ளிப்போடுகிறது என்று 2024இல் முடிவு வந்தது. மலிவான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் அப்படித் தடுக்கவில்லை. எனவே பாசிட்டிவ் ஆனால் வீக்கம் இல்லை என்றால் மாத்திரை கேட்டு நச்சரிக்காமல் கண்காணிப்பில் இருப்பதுதான் இப்போதைக்கு வழி.

பொறுத்துப் பார்ப்பது

செலவே இல்லாதது போலத் தெரியும் இந்த வழிதான் நம் கரையில் அதிகம் நடக்கிறது. "தடைக்காலம் முடியட்டும்டா, படகு போனாக் காசு வரும், அப்பப் பாத்துக்குவோம்" என்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். வீக்கம் தொடங்கி ஆறு வாரத்துக்குள் நிபுணர் பார்க்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும் என்பது ஐரோப்பிய மருத்துவர்கள் வகுத்த நெறி. அந்த மூன்று மாதத்தில் இரண்டைத் தடைக்காலமே தின்றுவிடும். எலும்பில் ஒருமுறை அரிப்பு விழுந்துவிட்டால் மாத்திரை அதை நிரப்பித் தராது.

பாசி எடுக்கும் பெண்களுக்கு வேறொரு குழப்பம். பாறையில் கை உரசி, உப்புத் தண்ணீரில் ஊறி, விரல் வலிப்பது அவர்களுக்குச் சாதாரணம். அதனால் எதையும் "வேலை வலி" என்று தள்ளிவிடுகிறார்கள். வித்தியாசம் இதுதான்: வேலை வலி சாயங்காலம் கூடும், ஓய்வெடுத்தால் குறையும். முடக்கு வாதம் ஓய்வுக்குப் பிறகு, விடியலில் கூடும், கை ஓட ஓட இளகும். கடலுக்குப் போகாத நாளிலும் விரல் கணு தடித்து இரண்டு கையிலும் ஒன்றுபோல வலித்தால் அது வேலை வலி இல்லை.

ஜீன் பரிசோதனை உதவும் ஓரிடம்

மூட்டுவாதங்களில் எல்லாம் ஜீனுக்கு வேலை இல்லை என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாற்பத்தைந்து வயதுக்கு முன்னால் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் முதுகுவலி, அதுவும் பின்னிரவில் எழுப்பிவிட்டு நடந்தால் குறைகிற வலி என்றால் எச்.எல்.ஏ. பி27 எடுப்பது நியாயம். முதுகெலும்பை இறுகவைக்கும் அன்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ் நோயோடு இந்த ஜீனுக்கு உள்ள தொடர்பு 1973இலேயே தெரிந்துவிட்டது. ஐரோப்பிய நோயாளிகளில் ஏறத்தாழ 90 சதவீதத்தினரிடம் அது இருக்கிறது, நம் நாட்டில் கொஞ்சம் குறைவு. வலை இழுத்து இழுத்து முதுகு போன அண்ணன்மார்களுக்குப் படுத்தால் வலி குறையும். அவர்களுக்கு இது தேவையில்லை. பி27 பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்தாலும், அந்த ஜீன் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. வலி இல்லாத தம்பிக்கும் சேர்த்து எடுத்துவிடலாமே என்று கிளம்பாதீர்கள்.

ஆக, விரல் இறுகும் அந்த மகளுக்கு என் வரிசை: ஆன்டி சி.சி.பி.யும் சி.ஆர்.பி.யும் முதலில், முடிந்தால் ஆர்.ஏ. ஃபேக்டர் கூட. மிச்சக் காசு மதுரைக்குப் பஸ் கட்டணம். ஜீனும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வும் பட்டியலில் இல்லை. அதற்குப் போகிற பணம் மருந்து தொடங்கிய பின் வேண்டியிருக்கும். மெத்தோட்ரெக்ஸேட் எழுதினால் ரத்த அணு எண்ணிக்கையும் கல்லீரல் பரிசோதனையும் ஆரம்பத்தில் அடிக்கடி எடுக்க வேண்டும். அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடுகிற மாத்திரை, தினம் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. அட்டையில் கிழமையை எழுதி ஒட்டிவிடச் சொல்லுங்கள். பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் அந்த மாத்திரையைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

ரிப்போர்ட் நெகட்டிவ் என்று வந்து, கணுக்கள் மட்டும் வீங்கியபடியே இருந்தால்? நோய் உள்ளவர்களில் மூன்றில் ஒருவர் ஆன்டி சி.சி.பி.யில் சிக்குவதில்லை. அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வீங்கின கையோடு அதே மதுரை பஸ்ஸில்தான் ஏற வேண்டும்.